குப்பத்தில் ஒரு பன்மொழிக் கணிமை முதுகலை: திராவிடப் பல்கலைக்கழகக் கல்விக்குழுவுக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய துணைவேந்தர் அவர்களுக்கும், கல்விக்குழு உறுப்பினர்களுக்கும், கணினி அறிவியல், திராவிட – கணினி மொழியியல், தமிழ், தெலுங்கு, கன்னடத் துறைகளின் ஆசிரியப் பெருமக்களுக்கும் வணக்கம்.

வேண்டுகோளை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மென்பொருள் உள்ளூர்மயமாக்கலையும் (ஒரு மென்பொருளை வேறொரு மொழியினர் இயல்பாகப் பயன்படுத்துமாறு மாற்றியமைப்பதையும்) பன்மொழிக் கணிமையையும் ஒருசேரக் கற்பிக்கும் ஈராண்டு முதுகலைப் படிப்பு ஒன்றைத் தங்கள் பல்கலைக்கழகம் குப்பம் வளாகத்தில் தொடங்க வேண்டும். அந்தப் படிப்பு, ஆங்கிலத்திலிருந்து இந்திய மொழிகளுக்கு என்ற பழகிய பாதையோடு நின்றுவிடாமல், தெலுங்கிலிருந்து தமிழுக்கும், தமிழிலிருந்து கன்னடத்துக்கும், மலையாளத்திலிருந்து தெலுங்குக்கும் இடையில் எங்கும் இறங்காமல் செல்லும் பாதையைத் தன் நடுப்பொருளாகக் கொள்ள வேண்டும். முதல் பாதியை நாட்டின் எந்தப் பல்கலைக்கழகத்திடமும் கேட்கலாம். இரண்டாம் பாதியைத் தங்களிடம் கேட்பதே முறை என்று கருதுகிறேன். 1997-இல் ஆந்திர அரசு, அண்டை மாநிலங்களான தமிழ்நாடு, கர்நாடகம், கேரளம் ஆகியவற்றின் துணையோடு இந்தப் பல்கலைக்கழகத்தை ஆந்திரமும் தமிழ்நாடும் கர்நாடகமும் சந்திக்கும் இந்த மூலையில் நிறுவியதன் நோக்கமே இம்மொழிகள் ஒன்றையொன்று நேருக்கு நேர் பார்க்க வேண்டும் என்பதுதான். அந்த எண்ணத்தின் பின்னே நின்ற அறிஞர் வ.அய். சுப்பிரமணியம் அவர்கள் இன்று இருந்திருந்தால், நான்கு மொழிகளும் கைப்பேசித் திரையில் சந்தித்துக்கொள்ளும்போது என்ன ஆகிறது என்பதைத்தான் முதலில் ஆராயச் சொல்லியிருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது.

நான் குப்பம் வட்டாரத்தில் பிறந்தவன். வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு, வேலைக்குப் போன இடத்தில் கன்னடம் என்று வளர்ந்த எத்தனையோ பேரில் ஒருவன். பெங்களூரு நிறுவனங்களுக்காக மென்பொருள்களைத் தமிழிலும் தெலுங்கிலும் கொண்டுவரும் வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். இந்த வேலையை வெளியிலிருந்து பார்ப்பவர்கள் மொழிபெயர்ப்பு என்றே எண்ணுகிறார்கள். மொழிபெயர்ப்பு இதில் ஒரு பங்குதான். நிரலுக்குள் புதைந்திருக்கும் வாசகங்களை, எங்கள் பேச்சில் ‘ஸ்ட்ரிங்’குகளை, வெளியே பிரித்தெடுத்து வைப்பது, ஒவ்வொன்றும் எந்தத் திரையில் எந்தப் பொத்தானில் வருகிறது என்ற குறிப்பைச் சேர்ப்பது, தேதி, எண், பணம், பெயர், முகவரி ஆகியவை அந்தந்த மொழி வழக்கப்படி வருமாறு செய்வது, எழுத்துரு ஒழுங்காக விழுகிறதா, தெலுங்கின் அடியெழுத்து பெட்டிக்கு வெளியே வெட்டுப்படுகிறதா, தமிழின் நீண்ட சொல் பொத்தானுக்குள் அடங்குகிறதா என்று பார்ப்பது, கடைசியாக அனைத்தையும் ஓட்டிச் சோதிப்பது என்று இது விரிகிறது. நடைமுறையில் இவற்றில் பெரும்பகுதி நடப்பதேயில்லை. திரையை ஒருமுறைகூடக் காணாத மொழிபெயர்ப்பாளருக்கு ஒரு விரிதாள் வருகிறது. அதன் ஒரு பத்தியில் ஆங்கில வாசகங்கள் இருக்கின்றன, பக்கத்துப் பத்தி காலியாக இருக்கிறது. அதை மாலைக்குள் நிரப்பித் தர வேண்டும். அப்படி நிரப்பப்பட்டவைதான் நம் வங்கிச் செயலிகளிலும் அரசுத் தளங்களிலும் ‘தமிழ்’ என்ற பெயரில் உலவுகின்றன.

என் தலைமுறையில் இந்தத் தொழிலை எவரும் வகுப்பறையில் கற்கவில்லை. கேடீஈ, நோம், ஃபயர்ஃபாக்ஸ், லிப்ரெஆஃபிஸ் போன்ற கட்டற்ற மென்பொருள்களைத் தமிழில் கொண்டுவந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் தன்னார்வலர்கள். அவர்கள் பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு இரவில் உட்கார்ந்தவர்கள். கேரளத்தில் 2002-இல் தொடங்கிய சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் குழுவும் அப்படி உருவானதுதான். மலையாள எழுத்துருக்களுக்கும் உள்ளீட்டு முறைகளுக்கும் அது செய்திருக்கும் பணி பல பல்கலைக்கழகத் துறைகளை நாணவைக்கும். ஆயினும் தன்னார்வத்தால் எட்ட முடியாத இடங்கள் உண்டு. ஒருவர் திருமணமாகி, குழந்தை பெற்று, ஊர் மாறினால் அவர் கையிலிருந்த பகுதி அப்படியே நின்றுவிடுகிறது. கற்றது அடுத்தவருக்குக் கைமாறாமல் ஒவ்வொரு பத்தாண்டும் முதலிலிருந்து தொடங்குகிறோம்.

அயர்லாந்தின் வரலாறு இங்கே பயன்படும். 1985-இல் மைக்ரோசாஃப்ட் டப்ளினில் தன் கிளையை நிறுவியது. அதன் பின் வந்த நிறுவனங்களும் ஐரோப்பியச் சந்தைக்கான மென்பொருள்களைப் பிரெஞ்சு, ஜெர்மன், இத்தாலியம் என்று மாற்றி அனுப்பும் வேலையை அந்தத் தீவிலேயே வைத்துக்கொண்டன. 1995-இல் டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியில் இதற்கென்றே ஒரு மையம் உருவாயிற்று. 1999-இல் அது லிமெரிக் பல்கலைக்கழகத்துக்கு இடம்பெயர்ந்து உள்ளூர்மயமாக்கல் ஆய்வு மையமாக வளர்ந்தது. ராய்ன்ஹார்ட் ஷேலர் அதை நடத்தினார். பன்மொழிக் கணிமையிலும் உள்ளூர்மயமாக்கலிலும் முதுநிலைப் பட்டம் அங்கே வழங்கப்பட்டது. அதே ஷேலர்தான், இலாபம் தராத மொழிகளுக்கு இத்தொழில் எதுவும் செய்வதில்லை என்று கண்டு, 2009-இல் ரொசெட்டா ஃபவுண்டேஷன் என்ற தொண்டு அமைப்பைத் தொடங்கினார். தொழில்துறைக்கு ஆள் தயாரித்துக் கொடுத்த கல்வியாளரே அத்தொழில்துறை விட்டுவைத்த பள்ளத்தையும் நிரப்ப முற்பட்டதால்தான் அந்த முன்னுதாரணம் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

இருந்தாலும் லிமெரிக்கின் பாடத்திட்டத்தை அப்படியே எடுத்து வந்து இங்கே நடுவது சரிப்படாது. அங்கே மூலமொழி பெரும்பாலும் ஒன்றே, அதாவது ஆங்கிலம். இலக்கு மொழிகள்தாம் பல. இங்கே நிலைமை வேறு. குப்பம், சாந்திபுரம், ராமகுப்பம், வி.கோட்டா மண்டலங்களில் தமிழ் பேசுகிறவர் ஒருவருக்கு அரசிடமிருந்து வரும் வாசகம் முதலில் தெலுங்கில் எழுதப்பட்டதாக இருக்கிறது. கிராம சச்சிவாலயத்தின் (ஊர்ச் செயலகத்தின்) அறிவிப்பும், அடங்கல், 1-பி என்னும் நிலப் பதிவேடுகளும், 2025 ஜனவரியில் தொடங்கிய ‘மன மித்ர’ வாட்ஸ்அப் சேவையின் செய்தியும் அவர் கைக்கு வரும்போது மூலமொழி தெலுங்கு. அதைத் தமிழில் தர வேண்டுமென்றால் இன்றைய வழக்கப்படி ஐதராபாத்தில் ஒருவர் அதை ஆங்கிலமாக்க வேண்டும், சென்னையில் ஒருவர் ஆங்கிலத்தைத் தமிழாக்க வேண்டும். இருவரும் தத்தம் வேலையில் வல்லவர்களாகவே இருக்கட்டும். கைமாறும்போது இரு மொழிகளுக்கும் பொதுவாக இருந்தவையே முதலில் உதிர்கின்றன.

இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல அனுமதியுங்கள், ஏனெனில் என் வேண்டுகோளின் கனம் இங்கேதான் இருக்கிறது. கேட்பவரையும் சேர்த்துக்கொள்ளும் தன்மைப் பன்மையையும் அவரை விலக்கி நிறுத்தும் தன்மைப் பன்மையையும் தமிழ் ‘நாம்’, ‘நாங்கள்’ என்று பிரிக்கிறது. தெலுங்கு ‘மனமு’, ‘மேமு’ என்று பிரிக்கிறது. மலையாளத்திலும் அந்தப் பிரிவு உண்டு. கன்னடம் அதைக் கைவிட்டு ‘நாவு’ என்ற ஒன்றோடு நின்றுவிட்டது. ஏரியைத் தூர்வாருவது பற்றிய தெலுங்கு அறிவிப்பில், ஊராரையும் சேர்த்துக்கொண்டு செய்யவிருக்கிறார்களா, அதிகாரிகள் மட்டும் வந்து செய்துவிட்டுப் போவார்களா என்பதை வினையைக்கூடப் பார்க்காமல் சொல்லிவிடலாம். ஆங்கிலத்தில் அந்த வேறுபாடு இல்லாததால், நடுவில் ஆங்கிலம் வந்த உடனே அது அழிகிறது. மறுபுறம் தமிழாக்குபவரோ இயந்திரமோ ஊகத்தால் ஒன்றைப் போட வேண்டியிருக்கிறது. மரியாதை வழக்கும் அப்படியே. தெலுங்கின் ‘மீரு’ ஆங்கிலத்தின் வழியாகத் தமிழுக்கு வரும்போது, அறுபது வயது விவசாயியை ‘நீ’ என்று கூப்பிடும் செய்தியாக மாறிவிடும் வாய்ப்பு இருக்கிறது. இரு வீடுகளிலும் இருக்கும் பொருளை மூன்றாம் வீட்டின் வழியாக அனுப்பித் தொலைக்கிறோம்.

வினைமுற்றுகளில் சிக்கல் இன்னும் நுணுக்கமானது. தெலுங்கில் ஒருமைப் பெண்ணும் அஃறிணையும் ஒரே விகுதியைப் பகிர்ந்துகொள்கின்றன. ‘வச்சிந்தி’ என்றால் வந்தவள் பெண்ணாகவும் இருக்கலாம், பேருந்தாகவும் இருக்கலாம். தமிழோ வந்தாள், வந்தது, வந்தார் என்று மூன்று கேட்கிறது. மலையாள வினையில் திணை, பால், எண், இடம் எதுவுமே தெரியாது. ஆகவே மலையாளத்திலிருந்தோ தெலுங்கிலிருந்தோ தமிழுக்கு ஒரு செய்தியை மென்பொருள் தானே கோத்து அனுப்ப வேண்டுமானால், மூல வாசகத்தில் இல்லாத ஒரு தகவலைத் தரவுத்தளத்தின் வேறொரு புலத்திலிருந்து எடுத்துச் செய்தி வடிவத்துக்குள் கொடுக்க வேண்டும். மொழியைக் கற்காத பொறியாளருக்கு இந்தத் தேவை தோன்றாது. தெலுங்கும் தமிழும் கரைத்துக் குடித்த ஆசிரியருக்குத் தோன்றினாலும், நிரலில் எந்த இடத்தில் எதை மாற்றச் சொல்ல வேண்டும் என்று தெரியாது. இரண்டையும் அறிந்த ஒருவரை உருவாக்குவதற்கு இப்போது இந்த வட்டாரத்தில் வழியில்லை.

ஊர்ப்பெயரையே எடுத்துக்கொள்வோம். பயணச்சீட்டுச் செயலி ஒன்றில் ‘இவ்வூரிலிருந்து அவ்வூருக்கு’ என்ற வாசகத்தில் ஊர்ப்பெயருக்கு ஒரு காலியிடம் விட்டு, வேற்றுமை உருபை அதன் பின்னால் ஒட்டிவைக்கிறார்கள். குப்பம் என்று நிரப்பினால் ‘குப்பம்லிருந்து’ என்றும் ‘குப்பம்க்கு’ என்றும் வருகிறது. தமிழ் கேட்பது ‘குப்பத்திலிருந்து’, ‘குப்பத்துக்கு’ என்பவற்றை. மலையாளமும் இதேபோல ‘அத்து’ சேர்த்துக்கொள்ளும். தெலுங்கில் ‘குப்பம்லோ’ என்று அப்படியே ஒட்டலாம், ஆனால் நான்காம் வேற்றுமையில் ‘குப்பானிகி’ என்று அடிச்சொல் மாறும். மகரத்தில் முடியும் ஊர்கள், உகரத்தில் முடியும் ஊர்கள், டு, று என்று முடிந்து இரட்டிப்பவை என்று இவற்றுக்கு விதிகள் இருக்கின்றன. எங்கள் மொழியாசிரியர்கள் அவற்றைப் பள்ளியிலேயே கற்பித்தார்கள். அந்த விதிகளை நான்கு மொழிகளுக்கும் ஒரே கட்டமைப்பில் எழுதி, மொழிக்கு மொழி வேறுபடும் இடங்களை மட்டும் திருப்பிக்கொள்ளுமாறு ஒரு நிரலகம் (பிற மென்பொருள்கள் எடுத்தாளும் நிரல் தொகுப்பு) செய்ய முடியும். முதுகலை மாணவர் ஒருவரின் இரண்டாம் ஆண்டு ஆய்வேட்டுக்கு இது அளவான பொருள். வெளியிட்டால் மறுநாளே பயன்படுத்தப் பலர் இருப்பார்கள்.

பெயர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். எல்லையூர்களில் வாழும் தமிழர்களின் ஆதார் அட்டையில் பெயர் ஆங்கிலத்திலும் தெலுங்கிலும் இருக்கிறது. கனிமொழி என்ற பெண்ணின் பெயர் முதலில் ஆங்கில எழுத்தில் தட்டப்படுகிறது. அதைப் பொறி தெலுங்காக மாற்றுகிறது. ‘ழ’வுக்காக ஆங்கிலத்தில் எழுதும் இரண்டு எழுத்துகளைப் பொறி ‘ஜ’ என்று படிப்பதும் உண்டு. யாரேனும் கவனித்துத் திருத்தினால் ‘ள’ ஆகிறது. அந்தத் தெலுங்கு வடிவத்தை அடிப்படையாக வைத்து மீண்டும் தமிழில் எழுதும்போது முதலில் இருந்த பெயர் திரும்புவதில்லை. ஒரு சான்றிதழில் ஒரு வடிவமும் இன்னொன்றில் மற்றொரு வடிவமும் இருந்தால் அலைவது அந்தப் பெண்தான். இதில் எந்த அலுவலகத்தையும் குறை சொல்ல நான் வரவில்லை. விசைப்பலகை முன் அமர்ந்திருப்பவர் பொறி கொடுப்பதைத்தான் ஏற்கிறார்.

வியப்பு என்னவென்றால், இந்த மாற்றத்தை எளிதாக்கும் எண்ணத்தோடுதான் நம் எழுத்துகளின் குறியேற்றமே, அதாவது கணினியில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் தரும் முறையே, அமைக்கப்பட்டது. எண்பதுகளில் உருவான இஸ்கி தரம், பிராமி வழிவந்த எழுத்துகள் அனைத்துக்கும் ஒரே வரிசையை வகுத்தது. 1991-இல் வெளிவந்த ஒருங்குறியின் (யூனிக்கோடின்) முதல் பதிப்பு அந்த வரிசையையே பின்பற்றியது. அதன்படி தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் ஆகிய நான்கும், இடையில் வேறெந்த எழுத்தும் வராமல், 128 இடங்கள் கொண்ட நான்கு அடுத்தடுத்த பகுதிகளில் அமர்ந்திருக்கின்றன. நான்கிலும் ககரம் தன் பகுதியின் தொடக்கத்திலிருந்து 21 இடங்கள் தள்ளியே இருக்கிறது. ஆகத் தமிழ் எழுத்தின் எண்ணோடு 128-ஐக் கூட்டினால் தெலுங்கு எழுத்து கிடைத்துவிடும் என்று நினைக்கத் தோன்றும். தமிழிலிருந்து தெலுங்குக்குப் போகும்போது ஒலி தவறலாம், ‘ன’வைத் தவிர மற்றவற்றுக்கு எழுத்தாவது கிடைக்கும். தெலுங்கிலிருந்து தமிழுக்கு வரும்போது ககர வரிசையின் நான்கு எழுத்துகளும் ஒரே ‘க’வில் வந்து விழுகின்றன, மற்ற மூன்றுக்கும் உரிய இடங்கள் தமிழ்ப் பகுதியில் காலியாக இருக்கின்றன. விழுந்ததைத் திரும்ப எடுக்க முடியாது. எங்கே எளிய கணக்கு போதும், எங்கே அகராதி வேண்டும், எங்கே பெயருக்குரியவரையே கேட்டுவிடுவது நல்லது என்று தீர்மானிப்பதற்கு ஒலியியலும் நிரலாக்கமும் சேர்ந்த ஒரு தலை வேண்டும்.

வரிசைப்படுத்தலையும் இதோடு சேர்க்கலாம். ஒருங்குறி எண்களின்படி வரிசைப்படுத்தினால் ‘ன’, ‘ந’வுக்கு அடுத்து வந்துவிடுகிறது, ‘ற’, ‘ர’வோடு ஒட்டிக்கொள்கிறது. நம் நெடுங்கணக்கின் வரிசையோ வகரத்துக்குப் பின் ழ, ள, ற, ன என்று முடிகிறது. இந்தத் திருத்தம் ஒருங்குறிக் குழுமத்தின் பொது உள்ளூர்த் தரவுக் களஞ்சியத்தில் நெடுநாளாகவே இருக்கிறது. பயன்படுத்த வேண்டும் என்பதை அறியாமலே தரவுத்தளங்கள் அமைக்கப்படுவதால் பெயர்ப்பட்டியல்கள் கலைந்து கிடக்கின்றன. அதே களஞ்சியத்தில் ஒருமை, பன்மை விதிகளும் உள்ளன. தமிழும் தெலுங்கும் ஒன்றை மட்டும் ஒருமையாகக் கொள்ள, கன்னடத்துக்கான விதி சுழியத்தையும் ஒருமையோடு சேர்க்கிறது. அது சரிதானா என்று கன்னட ஆசிரியர் ஒருவரும் புள்ளிவிவரம் அறிந்த ஒருவரும் சேர்ந்து உட்கார்ந்து ஆராய்ந்து கருத்து அனுப்பலாம். அந்தக் களஞ்சியம் அத்தகைய பங்களிப்புகளால்தான் வளர்கிறது. எழுத்துக் குறியேற்றம் முடிந்துபோன கதை என்று எண்ணிவிடவும் வேண்டாம். பழைய நில, தானிய அளவைகளிலும் பின்னங்களிலும் வழங்கிய தமிழ்க் குறிகள் 51, 2019-இல் வந்த 12-ஆம் பதிப்பில்தான் இடம்பெற்றன. துளு – திகளாரி எழுத்து 2024-இல் சேர்ந்தது. பழைய நில ஆவணங்களில் அத்தகைய குறிகள் எங்கெல்லாம் கிடைக்கின்றன என்று தேடிப் படித்து எண்மமாக்குவது, தங்கள் தமிழ்த் துறைக்கும் கணினித் துறைக்கும் பொதுவான வேலை.

இவ்வளவும் சொன்ன பிறகு, செயற்கை நுண்ணறிவு வந்துவிட்ட காலத்தில் இந்தப் படிப்புக்கு என்ன தேவை என்று குழுவில் ஒருவராவது கேட்பார். நியாயமான கேள்விதான். மத்திய அரசின் இயந்திர மொழிபெயர்ப்புத் திட்டமான பாஷினி 2022-இல் தொடங்கியது. சென்னை ஐ.ஐ.டி.யின் ஏஐ4பாரத் குழு 2023-இல் வெளியிட்ட இண்டிக்டிரான்ஸ்2 என்ற மொழிபெயர்ப்புப் பொறி, அரசியலமைப்பின் அட்டவணை மொழிகள் 22-ஐயும் கையாள்கிறது. இந்திய மொழிகளுக்கிடையே நேராகப் பெயர்க்கும் மாதிரியும் அதில் உண்டு. இவற்றை நானே தினமும் பயன்படுத்துகிறேன், மெச்சவும் செய்கிறேன். என் வேலையின் தன்மையை இவை மாற்றிவிட்டதும் உண்மை. முன்பு வெற்றுப் பத்தியை நிரப்பினேன், இப்போது நிரம்பி வந்ததைத் திருத்துகிறேன். இயந்திரம் தந்ததைத் திருத்துவது தனித் திறன் என்று உணர்ந்துதான் 2017-இல் அதற்கென ஐ.எஸ்.ஓ. 18587 என்ற தரமே வகுக்கப்பட்டது. சரளமாக ஒலிக்கும் தவறான வாக்கியத்தைக் கண்டுபிடிப்பது, தடுமாறும் வாக்கியத்தைக் கண்டுபிடிப்பதைவிடக் கடினம். தெலுங்கு மூலத்தையும் தமிழ் வடிவத்தையும் பக்கத்தில் வைத்துப் படிக்கத் தெரிந்தவர் மட்டுமே அதைச் செய்ய இயலும். அந்த ஆள் சென்னையிலும் ஐதராபாத்திலும் அரிது. குப்பம் சந்தைக்கு வந்தால் பத்துப் பேரில் பாதிப் பேர் அப்படித்தான் இருப்பார்கள். அவர்களின் பிள்ளைகளுக்கு அந்த இரட்டை நாக்கு ஒரு தகுதி என்று எந்தப் படிப்பும் இதுவரை சொன்னதில்லை.

பேச்சுணர் மென்பொருள்களுக்கும் இதே நிலைதான். தமிழ் வாக்கியத்துக்குள் தெலுங்கு வினையும் தெலுங்கு வாக்கியத்துக்குள் தமிழ் உறவுமுறைச் சொல்லும் கலந்து வரும் எங்கள் பேச்சு, செம்மையான பதிவுகளால் பழக்கப்பட்ட பொறிகளுக்குப் புரிவதில்லை. பேசுபவரின் ஒப்புதலோடு, கூலி கொடுத்து, முறையாகப் பதிவுசெய்து, குறியிட்டு வைக்கும் தரவுத் தொகுப்பு ஒன்றை மாணவர்கள் ஆண்டுதோறும் வளர்த்து வரலாம். எருகல மொழி போன்று எழுத்து மரபில்லாத அண்டை மொழிகளுக்கும் அந்த முறையை நீட்டலாம். தமிழுக்கு உறவான அம்மொழியைப் பேசுகிறவர்கள் இந்த மாநிலத்திலேயே வாழ்கிறார்கள்.

படிப்பின் அமைப்பைப் பற்றி எனக்குச் சில உறுதியான கருத்துகள் உண்டு. இது கணினித் துறையின் கிளையாகவோ மொழிபெயர்ப்புப் பட்டயத்தின் நீட்சியாகவோ அமையக் கூடாது. கணினித் துறையில் வைத்தால் மொழித்தாள்கள் ஒப்புக்கு நடக்கும். மொழித்துறையில் வைத்தால் விசைப்பலகை கற்பிப்பதையே கணிமை என்று சொல்லி முடித்துவிடுவார்கள். (இரண்டையும் வேறு இடங்களில் பார்த்திருக்கிறேன். கருத்தரங்கில் பொன்னாடை போர்த்தும் நேரத்தில் பாதியைச் சோதனைக்கூடத்துக்கு ஒதுக்கியிருந்தால் போதும் என்று தோன்றிய நாட்கள் உண்டு.) திராவிட – கணினி மொழியியல் துறை பொறுப்பேற்க, கணினித் துறையும் மொழித்துறைகளும் சம உரிமையோடு பாடம் நடத்தும் கூட்டுப் படிப்பாக இது இருக்க வேண்டும். சேர்க்கைக்கு எந்த இளநிலைப் பட்டமும் போதும் என்று வைக்கலாம். ஆனால் நான்கு மொழிகளில் இரண்டை எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்பதில் தளர்வு கூடாது. முதல் பருவத்தில் கலைப் பட்டதாரிகளுக்கு நிரலாக்கமும் அறிவியல் பட்டதாரிகளுக்கு மொழியியலும் கற்பித்துச் சமன்செய்யலாம். மூன்றாவது மொழி ஒன்றை எல்லோரும் புதிதாகக் கற்க வேண்டும். தமிழும் தெலுங்கும் அறிந்தவர் கன்னடமோ மலையாளமோ கற்கட்டும்.

பாடங்களை இங்கே பட்டியலிடப் போவதில்லை, அது குழுவின் வேலை. இரண்டு மட்டும் விட்டுப்போகக் கூடாது. ஒன்று, மொழிபெயர்ப்புக் கோப்புகளை மென்பொருளுக்கு மென்பொருள் கைமாற்ற உதவும் எக்ஸ்லிஃப், டிஎம்எக்ஸ் போன்ற பரிமாற்றத் தரங்களும், நிரலிலிருந்து வாசகங்களைப் பிரித்தெடுக்கும் கெட்டெக்ஸ்ட் போன்ற கருவிகளும். இவற்றைக் கையால் பழகாமல் பட்டம் பெற்றவரை எந்த நிறுவனமும் மறுபடி முதலிலிருந்து பயிற்றுவிக்க வேண்டியிருக்கும். மற்றொன்று சோதனை. மாணவர் தாம் பெயர்த்த செயலியை ஒரு மூதாட்டியின் கையில் கொடுத்து, பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்து, எங்கே அவர் விரல் தயங்குகிறது என்று குறித்துக்கொண்டு வர வேண்டும். தேர்வு மதிப்பெண்ணில் அதற்குக் கணிசமான பங்கு கொடுங்கள்.

ஆசிரியர்கள் எங்கே என்ற கேள்விக்கு விடை ரயில் பாதையிலேயே இருக்கிறது. பெங்களூரு இங்கிருந்து ஏறத்தாழ இரண்டு மணி நேரப் பயணம். இத்தொழிலில் அனுபவம் பெற்றவர்கள் அங்கே இருக்கிறார்கள், அவர்களிடம் முனைவர் பட்டம் இல்லை, அவ்வளவுதான். முனைவர் பட்டம் இல்லாத தொழில் வல்லுநர்களையும் நடைமுறைப் பேராசிரியர்களாக அமர்த்திக்கொள்ளப் பல்கலைக்கழக மானியக் குழு 2022-இல் வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. மத்திய அரசின் இணையவழிக் கல்வித் தளமான ஸ்வயத்தின் பாடங்களிலிருந்து 40 விழுக்காடு வரை மதிப்பலகுகளை (கிரெடிட்டுகளை) ஏற்கவும் 2021-இன் விதிமுறை இடம் தருகிறது. ஆகவே எல்லாத் தாள்களுக்கும் முதல் நாளே ஆள் எடுக்கத் தேவையில்லை. மலையாளத்துக்குக் கேரளப் பல்கலைக்கழகங்களோடும், தெலுங்கின் இயந்திர மொழிபெயர்ப்பு ஆய்வில் நெடுநாள் அனுபவமுள்ள ஐதராபாத் நிறுவனங்களோடும் கைகோக்கலாம்.

வேலைவாய்ப்பைப் பற்றி மிகைப்படுத்தி எதுவும் சொல்ல விரும்பவில்லை. ஆண்டுக்கு நூறு பேர் சேர்ந்தால் நூறு பேருக்கும் வேலை கிடைக்காது. இருபது பேரோடு தொடங்குவதே அறிவுடைமை. அவர்களுக்கு மென்பொருள் நிறுவனங்கள், வங்கிச் செயலிகள், மாநில அரசுகளின் மின்னாளுமைத் துறைகள், பேச்சுத் தரவு சேகரிப்போர் என்று போக்கிடம் உண்டு. இதற்கெல்லாம் கட்டடமும் பெரிதாக வேண்டாம், நல்ல இணைய இணைப்புள்ள ஒரு கூடம் போதும்.

இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. 2002-இல் எச்.பி. நிறுவனமும் ஆந்திர அரசும் சேர்ந்து ‘ஐ-கம்யூனிட்டி’ என்ற பெயரில் கணினியை ஊர்களுக்குக் கொண்டுபோகும் முயற்சிக்கு இதே குப்பத்தைத்தான் தேர்ந்தெடுத்தன. அப்போது இங்கே வந்தது பிறர் வடிவமைத்த தொழில்நுட்பம். அதை எங்களுக்கு ஏற்றபடி மாற்றும் அறிவைக் கற்பிக்க அன்று இவ்வூரில் இடமில்லை. பல்கலைக்கழகம் அப்போது மிகவும் இளையது. இப்போது அப்படிச் சொல்ல முடியாது.

ஆகையால் குறிப்பாக மூன்று செயல்களைக் கோருகிறேன். அடுத்த கல்விக்குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலில் இப்பொருளைச் சேருங்கள். முழுப் பட்டப்படிப்புக்கு ஒப்புதல் பெற நாளாகும் என்றால், ஏற்கெனவே நடக்கும் முதுகலைப் படிப்புகளில் தெலுங்கு – தமிழ் இணைக்கான விருப்பத்தாள் ஒன்றை வரும் கல்வியாண்டிலேயே திறந்துவிடுங்கள். பாடத்திட்டக் குழு அமைக்கும்போது, எல்லை மண்டலங்களின் சச்சிவாலயங்களில் பணிபுரியும் எண்ம உதவியாளர் ஒருவரையும், தமிழ் வழிப் பள்ளி ஆசிரியர் ஒருவரையும் அதில் அமர்த்துங்கள். எந்த வாசகம் எவருக்குப் புரியாமல் போகிறது என்பதை அன்றாடம் காண்பவர்கள் அவர்கள்தான்.

தெலுங்கு – தமிழ் விருப்பத்தாளுக்கு வார இறுதிகளில் வந்து பாடம் நடத்த நானும், இத்தொழிலில் உள்ள இவ்வட்டார நண்பர்கள் சிலரும் ஆயத்தமாக இருக்கிறோம். பயணப்படி தவிர வேறு ஊதியம் முதல் ஆண்டில் எதிர்பார்க்கவில்லை. இரண்டாம் ஆண்டிலிருந்து கொடுக்க வேண்டும், இலவசமாக ஓடும் படிப்பு நெடுநாள் ஓடாது. இம்மடலின் தெலுங்கு, கன்னட வடிவங்களை, ஆங்கிலத்தைத் தொடாமல் தமிழிலிருந்தே நேராக எழுதி, தனியே அலுவலகத்துக்கு அனுப்பியிருக்கிறோம். அவற்றில் பிழை கண்டால் குறித்து அனுப்ப அந்தந்தத் துறை ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
குப்பம் வட்டாரத்தைச் சேர்ந்த
மென்பொருள் உள்ளூர்மயமாக்கல் பணியாளன்